பெரியப்பாவின் கால்மாட்டில்

அந்த வருஷத்துப் பொங்கல் படம் விழவே இல்லை என்றுதானே நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்? பிலிம் சுருளில் வெளிச்சம் பட்டுவிட்டது, எல்லாம் வெள்ளையாகப் போய்விட்டது என்று என் அப்பா போடியிலிருந்து வந்து சொன்னார். நாம் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தோம். நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. என் சின்ன வயசில் என்னைப் படம் எடுத்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் படம் இப்போது என் கையில் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் உங்களுக்கெல்லாம் இதை எழுத உட்கார்ந்தால் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. சர்க்கரை கூடியிருக்கும், மாத்திரை போட்டாயா என்று மகன் கேட்கிறான். அவனுக்கு என்ன தெரியும்.

போடியில் தம்பி வீட்டில் மராமத்து நடக்கிறது. அப்பா காலத்து முருகன் படம் ஒன்று பூசை அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அப்பா தினமும் காலையில் குளித்த ஈரத்தோடு அதற்கு முன்னால் நிற்பார். மற்றவர்கள் திருநீறு பூசிக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அவர் மட்டும் நின்றுகொண்டே இருப்பார், கன்னத்தில் போட்டுக்கொண்டே இருப்பார். அப்பேர்ப்பட்ட பக்தி என்று ஊரே சொல்லும். அந்தப் படத்தைக் கழற்றும்போது கொத்தனாருக்குக் கை தவறி, கண்ணாடி உடைந்துவிட்டது. பின்னட்டையைப் பிரித்தால் முருகனுக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு போட்டோ இருந்திருக்கிறது.

தம்பி போன் பண்ணினான். "அக்கா, நம்ம ஊர்ப் பொங்கல் படம் போல. நீ சின்னப்புள்ளையா முன்னாடி உக்காந்திருக்க. வந்து பாரு."

தேனியில் பஸ் ஏறி, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். கிழவிக்கு என்ன சந்தோஷம் பாருங்கள், சின்ன வயசு முகத்தைப் பார்க்கப் போகிறேனாம்.

படத்தை முதலில் பார்த்தபோது சந்தோஷம்தான். நம்ம புளியமரம். அதற்குப் பின்னால் அம்மன் கோயில் வாசலில் ஊர்ப்பொங்கல் பானை, அடுப்பை ஊதிக்கொண்டு பெரியம்மா. அதற்கும் பின்னால் மலை, பனி மூட்டமாக. ஆம்பளைகள் தலைப்பாகையோடு விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் கைவைத்த நாற்காலியில் பெரியப்பா, தூக்கக் கலக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு. அவர் தோளில் கை வைத்துக்கொண்டு பின்னால் அப்பா. பெரியப்பாவின் கால்மாட்டில் பாவாடையை விரித்துக்கொண்டு நான். என் பக்கத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு இருப்பது உங்களில் ஒருவர்தான், யார் என்று சொல்ல மாட்டேன்.

ஊரைவிட்டு வெளியே வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள் சிலர் நம் வழக்கத்தை மறந்திருப்பீர்கள். நம் ஊரில் தைப்பொங்கலை அவரவர் வாசலில் வைப்பதோடு முடிந்துவிடாது. மலையில் ஏலக்காய் கடைசி எடுப்பு முடிந்து, தோட்டத்துக்குப் போன சனமெல்லாம் ஜீப்பில் இறங்கி வந்த பிறகு, ஊர்ப்பொங்கல் ஒன்று வைப்போம். கடைசி எடுப்பில் ஒரு கைப்பிடி பச்சைக்காயைத் தட்டி அந்தப் பானையில் போடுவார்கள். அந்த வாசனை தெரு முக்கு வரைக்கும் வரும்.

காப்புக் கயிறு கட்டிக்கொள்வது ஊர்ப் பெரியதனக்காரர். அது என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். பொங்கல் பொங்கியதும் முதல் வாய் அவர் வாயில்தான் விழ வேண்டும். அதுவரைக்கும் யாரும் சாப்பிடக் கூடாது. தோட்டத்து ஸ்டோரில் காயவைத்து எடுத்த காய் ஒரு மூட்டைகூடப் போடிக்கு இறங்கக் கூடாது. காப்புக் கட்டினவர் முதல் வாய்க்கு முந்தி செத்துப்போனால் பானையைக் கவிழ்த்துவிட வேண்டும். தீட்டுக் கழிந்து, மறுபடி நாள் பார்த்து, வேறு கையில் காப்பு ஏறும் வரைக்கும் மூட்டை எல்லாம் மலையிலேயே கிடக்கும். காய் கிடந்தால் பச்சை வெளிறும், வெளிறினால் ஏலத்தில் சீண்ட ஆள் கிடையாது. அதற்கு முந்தின ரெண்டு வருஷமும் மழை ஏமாற்றி, நாம் கேப்பைக் கூழைக் குடித்துக் கிடந்தோமே, அது ஞாபகம் இருக்கும்.

பெரியப்பாவுக்குக் காப்புக் கட்டின மறுநாளே நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் கண்டது. கட்டின கயிற்றை அவிழ்த்து இன்னொருத்தருக்கு மாற்ற வழியில்லை. அக்காதான் அவருக்குக் கஞ்சி ஊட்டுவாள். அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். அப்போதுதான் தாவணி போட ஆரம்பித்திருந்தாள். பெரியப்பா பாதித் தூக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டே வாயைத் திறப்பார், அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஊட்டுவாள்.

பொங்கல் அன்றைக்குக் காலையில் அவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். கோயில் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், புளியமரத்தடியில் இறக்கினார்கள். சிவப்புக் கம்பளியைப் போர்த்தி, காதோடு சேர்த்துத் தாடைக்கு அடியில் துண்டைக் கட்டியிருந்தது. மலைக்குப் போகிற ஆம்பளைகள் குளிருக்குக் கட்டுவார்களே, அந்தக் கட்டு. நான் கிட்டே போனேன்.

"ஆத்தா, பாவாடை புதுசா?" என்றார்.

"ஆமா பெரியப்பா."

"பவுசுதான்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகப் போயிற்று. நான் தட்டாமாலை சுற்ற ஓடிவிட்டேன்.

போட்டோக்காரர் போடியிலிருந்து ஜீப்பில் வந்து சேர வெயில் ஏறிவிட்டது. அப்பா எங்களை எல்லாம் விரட்டி விரட்டி வரிசைப்படுத்தினார். அவர் குரல் என்னமோ அன்றைக்குக் கூடுதலாக இருந்தது. என்னைக் கூட்டத்தில் தேடிப் பிடித்து, அலாக்காகத் தூக்கி வந்து, பெரியப்பாவின் கால்மாட்டில் உட்கார வைத்தார்.

"இங்கதான் இருக்கணும். அசையக் கூடாது. பாவாடைய நல்லா விரிச்சு உக்காரு ஆத்தா."

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஊர்ப் பெரியதனத்தின் காலடியில், நட்ட நடுவில், புதுப் பாவாடையோடு நான். ஊரில் இத்தனை பிள்ளைகள் இருக்க, அப்பா என்னைத் தேடிப் பிடித்து வைத்தார். அப்பா என்னைக் கொஞ்சின ஆளில்லை. அதனாலேயே இந்த ஒரு விஷயத்தை ஆயுசு முழுக்கப் பத்திரமாக வைத்திருந்தேன். புருஷன் வீட்டில் மனசு சலித்த நாளெல்லாம் இதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

உட்கார்ந்தபோது என் முழங்கை பெரியப்பாவின் காலில் பட்டது. ஐஸ் கட்டி மாதிரி இருந்தது.

"அப்பா, பெரியப்பா காலு சில்லுன்னு இருக்கு" என்றேன்.

"மலைக்காத்து. பேசாம நேரா பாரு."

நான் நேராகப் பார்க்கவில்லை. என்ன இவ்வளவு குளிர்ச்சி என்று திரும்பினேன். அதற்குள் போட்டோக்காரர் அமுக்கிவிட்டார். எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்.

இப்போது படத்துக்கு வருகிறேன். தம்பி மகள் அதைத் தன் செல்போனில் படம் பிடித்து, ரெண்டு விரலால் பெரிசாக்கி என் முகத்தைக் காட்டினாள். "அத்தை, எல்லாரும் கேமராவைப் பாக்குறாங்க, நீங்க மட்டும் கீழ எதையோ பாக்குறீங்க" என்றாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அப்படி எதைப் பார்க்கிறேன் என்று படத்தைக் கீழே நகர்த்தினேன். நான் திரும்பியதில் பாவாடை ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. அதற்குள் பெரியப்பாவின் பாதங்கள் தெரிந்தன.

ரெண்டு பெருவிரலையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பி மகள் தண்ணீர் கொண்டுவர ஓடினாள். காலில் புண் இருந்திருக்கும் என்று மனசு ஒரு சாக்குத் தேடியது. புண் இருந்தால் அந்தக் காலைத்தானே சுற்றுவார்கள்? ரெண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டுவது நம் சனத்தில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாடையில் கட்டியிருந்த துண்டு காலையில் குளிருக்குக் கட்டியதுதான். ஆனால் படம் எடுக்கும்போது அது பயன்பட்டது வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத்தான்.

போட்டோக்காரருக்குக் காத்திருந்த நேரத்திலேயே பெரியப்பா அந்த நாற்காலியில் போய்விட்டிருந்தார். அப்பாவின் கை அவர் தோளில் அன்பாக இருந்ததாக முதலில் நினைத்தேன். இப்போது பார்த்தால் விரல்கள் அழுந்தியிருக்கின்றன. சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். வரிசையில் நின்றவர்களில் கேமராவைப் பார்க்காத ஒரே ஆள் அப்பாதான். அவர் என் பாவாடையைப் பார்க்கிறார்.

விரலை ஏன் கட்டினார் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலிக்கிறது. கால் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் சரிந்திருக்கும், நேராக வைக்கக் கட்டியிருக்கலாம். இல்லை, கூடப் பிறந்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட மனசு கேட்காமல் குனிந்து கட்டிவிட்டு, பிறகு அதை மறைக்க என்னைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். எதுவோ, என்னைக் கொண்டுவந்து வைத்தது பவுசுக்கு இல்லை. திரைச்சீலைக்கு. இந்த வயசில் எனக்கு இது தெரியாமலே இருந்திருக்கக் கூடாதா?

அதையாவது விடலாம். அதற்குப் பிறகு நடந்ததை என்னால் விட முடியவில்லை.

படம் எடுத்து முடித்ததும், "அண்ணனுக்குத் தூக்கம் கண்ணச் சொழட்டுது, வீட்டுல படுக்கட்டும்" என்று சொல்லி, அப்பா இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு நாற்காலியோடு தூக்கிப் போனார். கூடப் போனவருக்குத் தெரியுமா தெரியாதா, கேட்க அவரும் இல்லை. பெரியம்மா பானையை விட்டு நகரக் கூடாது, அது முறை. அவள் அடுப்பை ஊதிக்கொண்டு நின்றாள். அப்பா திரும்பி வந்து கோயில் வாசலில் நின்றார். பொங்கல் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். அப்பா முதல் கரண்டியை வாழையிலைத் துண்டில் எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

"அப்பன் அசந்து தூங்குறாரு ஆத்தா. எழுப்பி ஒரு வாய் ஊட்டிட்டு வெரசா வா. ஊரு காத்துக்கிட்டு இருக்கு."

நானும் அவள் பின்னாலேயே போனேன், வாசனைக்குத்தான். வீட்டுக்குள் இருட்டு. கட்டிலில் பெரியப்பா கம்பளிக்குள் படுத்திருந்தார். தாடைக் கட்டு அவிழ்ந்திருந்தது. அக்கா வழக்கம்போலத் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். பொங்கலை ஊதி ஊதி ஆற்றினாள். ஒரு வாய் வைத்தாள்.

"ஐயா, முழுங்குங்கய்யா."

அவர் முழுங்கவில்லை. அவள் விரலால் உள்ளே தள்ளினாள். "ஊரு காத்துக்கிட்டு இருக்குய்யா, முழுங்குங்க. ஒரு வாய்தான்யா" என்று கெஞ்சினாள். பால் கடைவாய் வழியாக வழிந்து அவள் தாவணியில் இறங்கியது. அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் கோயில் வாசலிலிருந்து சனம் ஓடி வந்தது.

நிலைப்படியில் நின்று அப்பாதான் முதலில் சொன்னார். "புரை ஏறிருச்சு போல."

அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தை ஊருக்குப் போதுமாக இருந்தது. முதல் வாய் விழுந்த பிறகுதான் உயிர் போயிற்று என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அதனால் பானையைக் கவிழ்க்கவில்லை. பெரியப்பாவை எடுத்துப் போட்ட கையோடு லோடு இறங்கியது. காய் அந்த வருஷம் நல்ல பச்சை. நம் எல்லோருக்கும் புதுத் துணி வந்தது, நான் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அக்கா அப்பனுக்குப் புரையேற்றிக் கொன்றவள் ஆனாள்.

யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. "பாவம், சின்னப்புள்ள, பக்குவம் தெரியல" என்றுதான் சொன்னார்கள். அந்தப் பாவத்தைக் கேட்டுக் கேட்டே அவள் பாதியாகப் போனாள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தன. ஒரு பிள்ளைக்குக்கூட அவள் கையால் ஒரு வாய் ஊட்டியதில்லை. தட்டில் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள், பிள்ளை கத்தும், மாமியார் வந்து ஊட்டுவாள். கல்நெஞ்சுக்காரி என்று பெயர் எடுத்தாள். பெரியம்மா சாகக் கிடந்தபோது, மகள்தான் கடைசிப் பால் ஊற்ற வேண்டும் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் கொல்லைப்புறம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள், வரவே இல்லை. இப்படியும் ஒரு பொம்பளையா என்று நம்மில் பாதிப்பேர் மூக்கில் விரலை வைத்தோம்.

என் அப்பா அத்தனையையும் பார்த்துக்கொண்டு இருந்தார். அடுத்த வருஷம் காப்பு அவர் கைக்குத்தான் வந்தது. எனக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டு, தோட்டத்தில் சோலி இருக்கிறது என்று மலை ஏறிவிட்டார். என்ன அடக்கம் என்று மெச்சினார்கள். நானும் மெச்சினேன். அந்த மனுஷனை நினைத்து இப்போது கும்பிடுவதா, காறித் துப்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஊருக்குச் சோறு போட்டார். ஒரு பிள்ளையின் கையை முடமாக்கினார். ரெண்டும் ஒரே நாளில், ஒரே கரண்டியால்.

தம்பி படத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றான். "செத்துப்போன அப்பா பேரை ஏன்க்கா கெடுக்கணும்?" என்று கேட்டான்.

"உசுரோட இருக்கிறவ பேரு கெட்டுக் கெடக்கேடா" என்று சொல்லிவிட்டு, படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். அக்கா போடியிலேயே, ரயில்வே கேட்டுப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள்.

நான் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். மருமகள் தட்டில் சோறும் ரசமும் பருப்பும் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். அக்கா இன்னும் கை வைக்கவில்லை.

"வாடி. என்ன முகமெல்லாம் வெளுத்திருக்கு? சாப்பிட்டியா?" என்றாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் படத்தை நீட்டினேன். அவள் முதலில் அவள் அப்பாவைத்தான் பார்த்தாள். முந்தானையால் படத்தைத் துடைத்தாள். அவளிடம் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. தம்பி மகள் என் செல்போனுக்கு அனுப்பியிருந்ததில் அந்த இடத்தைப் பெரிசாக்கிக் காட்டினேன்.

"இது யாரு காலு?"

"பெரியப்பாது."

போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கட்டியிருக்கு."

"ஆமாக்கா."

"எப்ப எடுத்தது இது?"

"பொங்கல் பொங்குறதுக்கு முன்னாடி. பின்னால பாரு, பெரியம்மா அடுப்பத்தான் ஊதுறாங்க. இன்னும் தீயே சரியாப் பிடிக்கல."

சுவரில் சாய்ந்துகொண்டாள். வெளியே ஜீப் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"அப்ப நான் ஊட்டுனது?"

"செத்தவருக்குத்தான்க்கா ஊட்டுன."

அவள் அழவில்லை. "குளிப்பாட்டயில பெருவெரல்ல தடம் இருந்துச்சுன்னு எங்காத்தா சொல்லுச்சு" என்றாள். "கம்பளி நூலு சுத்தியிருக்கும்னு சொல்லிட்டாக." மறுபடி போனைப் பார்த்தாள். "சித்தப்பாவுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் எங்கையில குடுத்து அனுப்புச்சாரா?"

இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. என் அப்பா இல்லையா. "தெரியும்க்கா" என்றேன்.

"அவரு கெடையில கெடந்தப்ப எனக்கு ஆளு விட்டாரு. போனேன். எங்கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதாரு. என்ன சித்தப்பான்னேன். ஒண்ணுமில்ல ஆத்தான்னாரு. பாசம்னுல்லடி நெனச்சேன்." தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எம்புள்ளைக எல்லாம் நரைச்சுப் போச்சுடி."

அப்பாவுக்காக நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது எவ்வளவு அற்பமான காரியம் என்று தெரிந்துவிட்டது.

அக்கா எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். தட்டைப் பக்கத்தில் இழுத்தாள். சோற்றில் பருப்பை விட்டுப் பிசைந்தாள், பச்சைப் பிள்ளைக்குப் பிசைவது மாதிரி மைய மையப் பிசைந்தாள். சின்னதாக ஓர் உருண்டை பிடித்தாள்.

"வாயத் தெற" என்றாள்.

நான் திகைத்துப்போய் அவளைப் பார்த்தேன்.

"அந்தாளு மகதான நீ? உனக்குத்தான் மொதல்ல. தெறடி."

திறந்தேன். உருண்டையில் பாதி என் சேலையில் உதிர்ந்தது. மீதியை வாயில் வைத்துவிட்டு, அவள் கையை எடுக்காமல் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கண்ணில் அப்படி ஒரு பயம்.

"முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேன்க்கா."

"இருமல் வருதா?"

"இல்லக்கா."

அவள் அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.